வாசல் தோட்டம்: ‘பனங்கன்னு’ பூத்த கதை



போன வாரம் ஆடிப்பட்டக் காய்கறி விதைப்பு பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவே திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி வேறொரு கேள்வி கேட்டிருந்தார். நர்சரியில் ‘கிரவுண்ட் ஆர்கிட்’ என்று சொல்லிக் கொடுத்த செடியை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம். இலை மட்டும் தளதளவென்று வருகிறதாம். ஒரு மொட்டுகூட எட்டிப் பார்க்கவில்லையாம். “வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். வைத்திருக்கவா, பிடுங்கிப் போடவா?” என்று கேட்டிருக்கிறார்.

பிடுங்காதீர்கள் தோழி. அந்தக் கேலியை நான் மூன்று வருஷம் கேட்டவள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டே வளர்ப்பு முறைக்கு வருகிறேன். நான் செய்த தப்புகளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காசு கொடுத்து வாங்கிய பனங்கன்று

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்தி, ஓலையைக் காட்டி ஒரு கிழவர் வழக்குக்கு இழுத்து வந்தாரே, அந்த ஊர்தான். அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டில் வழக்காடாமல் எதுவும் நடக்காது.

2021-ல் புதுச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வழியில் ஒரு நர்சரியில் ஊதா நிறத்தில் கொத்தாகப் பூத்து நின்ற செடியைப் பார்த்தேன். 250 ரூபாய். பூத்திருந்த தொட்டியை விட்டுவிட்டு, பூவில்லாத ஒன்றை, “இதுவும் அதே கலர்தாம்மா” என்று சொன்னதை நம்பி வாங்கி வந்தேன். வீட்டு வாசலில் இறக்கியதும் என் மாமியார் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, காசு குடுத்துப் பனங்கன்னு வாங்கியாந்திருக்கியே! ஏரிக்கரைக்குப் போனா நூறு சும்மா கெடக்குதே!”

“இது ஆர்கிட், அத்தை. ஃப்ளைட்ல வருமே, பெரிய பெரிய பூங்கொத்துல வெப்பாங்களே, அந்த ஜாதி.”

“தலையில வெக்கலாமா?”

“இல்ல அத்தை, சும்மா பார்க்கறதுக்கு.”

“அப்ப தொட்டியிலயே இருக்கட்டும். என் கனகாம்பரப் பாத்தியில வெச்சிடாத.”

அவரைக் குறை சொல்ல முடியாது. இலையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீளமாக, நுனி கூராக, விசிறி மடித்தது போல வரி வரியாக மடிப்போடு இருக்கும். முளைத்து ஒரு வருஷமான பனங்கன்று, தென்னங்கன்று இலைக்கும் இதற்கும் சட்டென்று வித்தியாசம் தெரியாது. பனைமரம் பார்த்தே வளர்ந்த விழுப்புரம் மாவட்டத்துக் கண்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

அத்தையின் கனகாம்பரப் பாத்தி பற்றியும் சொல்ல வேண்டும். கிணற்றடியை ஒட்டி இரண்டு பாத்தி. காலையில் பறித்து, கட்டி, தெருவில் நாலு வீட்டுக்கு முழம் போட்டுக் கொடுப்பார். வரும் காசு சுருக்குப்பைக்குள் போகும். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும், கோயில் உண்டியலுக்கும் அதிலிருந்துதான் எடுப்பார். எங்களிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை.

என் ஆர்கிட் மூன்று வருஷமும் இலை விட்டது. அத்தை போகிறபோதும் வருகிறபோதும் “பனங்கன்னு எப்ப நுங்கு குடுக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

இது என்ன செடி?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆர்கிட் என்றாலே தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிடுவது, குளிர்ப் பிரதேசத்தில்தான் வரும் என்று நினைக்கிறோம். ஆர்கிட் குடும்பத்தில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்பவை உண்டு, நம் கோரை, மஞ்சள் போல மண்ணிலேயே வேர்விட்டு வளர்பவையும் உண்டு. நாம் பேசுவது இரண்டாவது வகை.

நர்சரிகளில் கிரவுண்ட் ஆர்கிட் என்று விற்பதில் பெரும்பாலானது ஸ்பாதோகிளாட்டிஸ் பிளிகேட்டா என்ற இனம், அல்லது அதை வைத்து உருவாக்கிய கலப்பினங்கள். ‘பிளிகேட்டா’ என்றால் மடிப்பு உள்ளது என்று அர்த்தம். இலையின் மடிப்பைப் பார்த்து வைத்த பெயர். 1825-ல் புளூம் என்ற தாவரவியலாளர் இதற்கு அறிவியல் பெயரிட்டார். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இது தானாக வளர்கிறது. நம் நாட்டில் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் உண்டு. மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டால், “இதுவா? இங்கே ரோட்டோரத்தில் வரிசையாக நிற்குமே!” என்பார்கள்.

எவ்வளவு தாக்குப்பிடிக்கும் செடி என்பதற்கு ஓர் உதாரணம். 1883-ல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்து, அந்தத் தீவில் இருந்த செடி கொடி எல்லாம் சாம்பலுக்குள் புதைந்தது. அதன்பின் பதினைந்து வருஷத்துக்குள்ளேயே அங்கே மறுபடி முளைத்திருந்த முதல் சில ஆர்கிட்களில் இதுவும் ஒன்று. விதை தூசி மாதிரி இருக்கும், காற்றிலேயே கடல் தாண்டிவிடும்.

மண் மட்டத்தில் சின்ன வெங்காயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சையாக ஒரு குமிழ் இருக்கும். கிழங்கு என்றே சொல்வோம். தண்ணீரையும் சத்தையும் சேர்த்து வைக்கும் பெட்டி அதுதான். அதன் தலையிலிருந்து நாலைந்து இலை வரும், இரண்டு மூன்று அடி வரைகூட நீளும். பூத்தண்டு இலைக்குருத்திலிருந்து வராது, கிழங்கின் அடிப்பக்கத்திலிருந்து தனியாகக் கிளம்பி இரண்டு மூன்று அடி உயரம் போகும். உச்சியில் கொத்தாக மொட்டுகள். எல்லாம் ஒரே நாளில் விரியாது. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு. ஒரு பூ சில நாளில் வாடிவிடும், ஆனால் ஒரு தண்டு வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். ஊதா கலந்த இளஞ்சிவப்புதான் இயல்பான நிறம். வெள்ளையும் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, இரட்டை நிறம் எல்லாம் பெரும்பாலும் கலப்பினங்கள்.

ஆறு வந்த நாள்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. நம் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அதற்கடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்க வேண்டி வந்தது. தென்பெண்ணையும் மலட்டாறும் ஒன்றாகப் பெருகி வந்தன. அரசூர் பக்கம் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்தபின் பார்த்தால் எங்கும் வழுவழுவென்று வண்டல். கனகாம்பரப் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. என் ஆர்கிட் தொட்டி மதிலோரம் குப்புறக் கிடந்தது, இலையெல்லாம் அழுகி நாறியது. மண்வெட்டியால் வழித்து, மற்ற குப்பையோடு வாரி வாசலில் கொட்டினேன்.

அத்தை அந்த வாரம் யாரிடமும் அதிகம் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடியே இருந்தார். பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “திரும்பப் போட்டுக்கலாம் அத்தை” என்றேன். “பாக்கலாம்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் அவர் குந்தியிருப்பதைப் பார்த்தேன். கையில் சேறு அப்பிய ஏதோ உருண்டைகள். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப் பார்த்து, சிலவற்றை மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இத ஏன் கொட்டுன? கெழங்கு கெட்டியா இருக்குதே!”

“அது அழுகிடுச்சு அத்தை.”

“எல தான் அழுகியிருக்கு. வெத மஞ்சளு, சேப்பங்கெழங்கு எல்லாம் நான் பாக்காததா? அமுக்குனா உள்ள போவுதா பாரு. போவல. உசுரு இருக்கு.”

பதினொரு கிழங்கில் ஆறு கெட்டியாக இருந்தன. கழுவினார். அழுகின வேரையும் இலையையும் கத்தியால் வெட்டினார். வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தடவி, முறத்தில் பரப்பி, மூன்று நாள் நிழலில் உலர்த்தினார். ஆர்கிட் வளர்ப்புப் புத்தகம் எதையும் படித்தவர் இல்லை. ஆனால் அழுகின கிழங்குச் செடியை மீட்க வேறு எந்த நிபுணரும் இதைத்தான் செய்யச் சொல்வார்.

பொங்கல் கழிந்து அவரே இரண்டு தொட்டியில் மூன்று மூன்றாக நட்டார். அந்த ஆவணியில் முதல் தண்டு வந்தது.

நான் செய்த நாலு தப்பு

அத்தை செய்ததையும் நான் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

*ஒன்று, இடம்.* நான் வேப்பமரத்தடியில் வைத்திருந்தேன். ஆர்கிட் என்றால் நிழல் வேண்டும் என்று எங்கோ கேட்டது. மரத்தில் வளரும் சில வகைகளுக்கு அது சரி. இது வெட்டவெளியிலும் புல்வெளி ஓரத்திலும் வளர்ந்து பழகிய செடி. இருட்டு நிழலில் உயிரோடு இருக்கும், இலையும் விடும், பூக்காது. திண்டிவனம் தோழி, உங்கள் செடிக்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அத்தை வைத்தது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கிழக்குப் பார்த்த இடத்தில். காலை வெயில் பத்தரை, பதினொன்று வரை நேராக விழும். அப்புறம் வீட்டு நிழல்.

*இரண்டு, மண்.* தோட்டத்துக் களிமண்ணை அப்படியே தொட்டியில் அடைத்திருந்தேன். மண்ணில் வளரும் ஆர்கிட் என்றாலும் வேருக்குக் காற்று வேண்டும். களிமண் ஈரத்தில் சேறாகும், காய்ந்தால் கல்லாகும்.

*மூன்று, ஆழம்.* கிழங்கை முழுசாக மண்ணுக்குள் புதைத்திருந்தேன். பாதிக் கிழங்கு வெளியே தெரிய வேண்டும்.

*நாலு, யூரியா.* பூக்கவில்லையே என்ற அவசரத்தில் இரண்டு தடவை யூரியா கரைத்து ஊற்றினேன். இலைதான் இன்னும் நீண்டது. அத்தையின் பனங்கன்று கேலிக்கு நானே உரம் போட்ட கதை.

நீங்கள் நடுவதற்கு

பத்து முதல் பன்னிரண்டு அங்குல வாயுள்ள தொட்டி போதும். ரொம்ப ஆழம் வேண்டாம். அடியில் துளைகள் நன்றாக இருக்கட்டும். துளைமேல் உடைந்த ஓட்டுச் சில்லு, அதன்மேல் இரண்டு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி.

கலவைக்கு: செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது இலை மக்கு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, செங்கல் துண்டும் அடுப்புக்கரியும் கலந்து ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் போட்டால் வேரைக் கடிக்கும் பூச்சிகள் குறையும். எங்கள் பக்கம் பெரியசெவலை சர்க்கரை ஆலை இருப்பதால் கரும்பு ஆலை மட்டு கிடைக்கும். அதைப் போடுவதானால் மாதக்கணக்கில் மக்கி, சூடும் நாற்றமும் போன பிறகுதான். புதிதாகப் போட்டால் வேர் வெந்துவிடும்.

மூன்று கிழங்கை ஒன்றாக வைத்து நடுங்கள். ஒற்றைக் கிழங்கு பிழைக்கும், ஆனால் பூக்க நாளாகும். பாதிக் கிழங்கு வெளியே தெரியட்டும். செடி ஆடினால் ஒரு குச்சியை ஊன்றிக் கட்டிவிடுங்கள். ஆடும் செடி வேர் பிடிக்காது.

தரையில் நடுவதானால் அரை அடி உயர மேட்டுப் பாத்தி போட்டு இதே கலவையை நிரப்புங்கள். மழை பெய்தால் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட வேண்டும்.

தண்ணீர்

வெயில் காலத்தில் தினமும் காலையில் ஒரு தடவை. அடித்துளை வழியாக வெளியே வரும்வரை ஊற்றுங்கள். மற்ற நாட்களில் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றவே வேண்டியதில்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் பல போர்வெல் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால், மாதம் ஒருமுறை மழைத்தண்ணீரையோ குடிதண்ணீரையோ தொட்டி நிறைய ஊற்றி, உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். இலை நுனி கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில்

காலையில் நாலு மணி நேரம் நேர் வெயில் கிடைத்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் 40 டிகிரியைத் தொடும்போது மதிய வெயில் மட்டும் படக்கூடாது. 50 சதவீத நிழல்வலையோ, பழைய வெள்ளைப் புடவையோ கட்டினால் போதும். தொட்டி மண்மேல் கரும்புத் தோகையையோ காய்ந்த இலையையோ பரப்பலாம், கிழங்கின் தலையை மூடாமல்.

செடியே உங்களுக்குச் சொல்லும். இலை கரும்பச்சையாக, நீண்டு தொய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சளடித்து, திட்டுத்திட்டாகப் பழுப்பானால் வெயில் அதிகம். வெளிர்பச்சையாக, நிமிர்ந்து நின்றால் சரியான இடம். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றாதீர்கள். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் மார்கழி இதற்கு ஒன்றும் செய்யாது.

உரம்

மாசி முதல் புரட்டாசி வரை பதினைந்து நாளைக்கு ஒருமுறை, 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து ஊற்றலாம். இயற்கை வழி வேண்டுவோர் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. எதுவானாலும் மண் ஈரமாக இருக்கும்போதுதான். அடைமழைக் காலத்தில் நிறுத்திவிடுங்கள். யூரியா வேண்டாம், நான் சொல்லிவிட்டேன்!

பூச்சியும் நோயும்

பூத்தண்டில் எறும்பு ஏறினால் பதறி மருந்து தூவாதீர்கள். இந்தச் செடியின் பூக்கொத்தில், பூவுக்கு வெளியே இனிப்பு நீர் சுரக்கும். எறும்பு வருவது அதற்காக. ஆராய்ச்சியாளர்களே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சியோ, மொட்டில் கூட்டமாக அசுவினியோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலை நேரத்தில் தெளியுங்கள். கோடையில் இலை அடியில் செஞ்சிலந்திப் பேன் வரும், இலை மங்கலாகப் புள்ளி புள்ளியாகும். இலையின் அடிப்பக்கம் தண்ணீர் தெளித்து வந்தாலே குறையும். மழைக்காலத்தில் நத்தைகள் இளம் மொட்டைத் தின்னும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான்.

இலையில் கறுப்புப் புள்ளி வந்தால் அந்த இலையை வெட்டி எடுத்துவிடுங்கள். மாலையில் இலை நனையும்படி தண்ணீர் ஊற்றாதீர்கள். கிழங்கு கொழகொழத்து நாற்றம் வந்தால், செடியை வெளியே எடுத்து, அத்தை செய்த வைத்தியம்தான்: வெட்டு, சாம்பல், நிழல்.

பூத்த பிறகு

கீழ்ப் பூக்கள் உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள். உச்சியில் இன்னும் மொட்டு வரும். ஊதா வகையில் பெரும்பாலும் தானே மகரந்தச் சேர்க்கை நடந்து, பச்சை விரல் மாதிரி காய் பிடிக்கும். அந்தக் காய்களைக் கிள்ளிவிட்டால் செடியின் சத்து பூவுக்கும் புதுக் கிழங்குக்கும் போகும்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, தை, மாசியில், தொட்டியைக் கவிழ்த்துப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது மூன்று கிழங்கு இருக்கட்டும். இலையில்லாத பழைய கிழங்கை எறியாதீர்கள். கெட்டியாக இருந்தால் அதிலிருந்தும் குருத்து வரும்.

வாங்கும்போது

பூவோடு இருக்கும் செடியாகப் பார்த்து வாங்குங்கள். நிறமும் தெரியும், பூக்கும் வயது வந்ததும் உறுதி. மூன்று கிழங்காவது இருக்கிறதா என்று எண்ணுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடம் “ஒரு கன்று பெட்டியில் போட்டு வாருங்கள்” என்று கேட்காதீர்கள். ஆர்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. உரிய அனுமதியும் செடி நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. உள்ளூர் நர்சரியிலேயே கிடைக்கும்போது எதற்கு அந்தத் தொல்லை?

அதேபோல, மலைப் பக்கம் சுற்றுலா போகும்போது காட்டு ஆர்கிட்டைப் பிடுங்கி வராதீர்கள். சாலாமிசிரி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பதுகூட மண்ணில் வளரும் ஆர்கிட்களின் கிழங்குதான். தோண்டித் தோண்டி அவை அருகிக்கொண்டு வருகின்றன. நம் நாட்டு ஆர்கிட்களைப் பார்க்க ஆசையானால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்கிட் தோட்டம் இருக்கிறது. மலைப் பிரதேசத்தில் வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களில் இந்த ஊதா ஆர்கிட் தோட்டத்தைத் தாண்டி வெளியே பரவிவிட்டது. காயைக் கிள்ளும் வேலையை நீங்கள் மறக்கவே கூடாது.

வழக்கு இன்னும் முடியவில்லை

போன ஆவணியில் முதல் பூ விரிந்த அன்று அத்தை காலை காபியை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், “நுங்கு இல்ல, பூ தான் குடுக்குது” என்றார்.

கனகாம்பரப் பாத்தியை மறுபடி போட்டோம். ஒரு பாத்திதான். இரண்டு பாத்திக்குக் குனிந்து பறிக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை என்கிறார். சுருக்குப்பை முன்போல் கனமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அவராக எங்களிடம் சொல்லவில்லை.

இந்த வருஷம் வைகாசியிலேயே ஐந்து தண்டு வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். இரண்டு தொட்டியிலும் சேர்த்து இப்போது இருபது கிழங்கு. வருகிற தையில் பிரித்தால் ஆறு துண்டு வரும். அத்தை இதுவரை ஏழு பேருக்கு, தொட்டி நூறு ரூபாய் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

“அக்கம்பக்கத்துல போய்க் காசு வாங்கலாமா அத்தை? சும்மாவே குடுக்கலாமே” என்றேன்.

“நீ 250 குடுத்துதான வாங்குன? சும்மா குடுத்தா வேப்பமரத்தடியில வெச்சிடுவாளுங்க. காசு குடுத்தா வெயில்ல வெப்பாளுங்க.”

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கென்று ஒரு தொட்டியாவது மிஞ்சுமா என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

திண்டிவனம் தோழி, இந்த வாரமே உங்கள் தொட்டியைக் கிழக்குப் பக்கம் நகர்த்த ஆரம்பியுங்கள். கிழங்கின் தலைமேல் இருக்கும் மண்ணை விரலால் விலக்குங்கள். யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். புதுக் கிழங்கு ஒன்று திரண்டு வந்த பிறகுதான் தண்டு வரும். அதனால் சில மாதம் பொறுக்க வேண்டும். பூத்ததும் எனக்கு எழுதுங்கள். எழுத மறந்தாலும், கேலி செய்தவர்களுக்கு முதல் பூவைக் காட்ட மறக்காதீர்கள்.

அடுத்த வாரம்: மாடித் தொட்டியில் பிரண்டை, படர விடும் முறையும் பறிக்கும் பக்குவமும். உங்கள் சந்தேகங்களைத் தொடர்ந்து அனுப்புங்கள்.